இறக்கிய சுருதி

சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவருக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது சிவந்து காட்டிக் கொடுத்துவிடும். அப்பேர்ப்பட்ட மனுஷர்தான் சில வாரங்களாகக் கட்டின மனைவியையே ஏமாற்றிக்கொண்டிருந்தார்.

கழுத்தில் ஆபரேஷன் ஆனபிறகு, அங்கே பாடிவந்த அவளுக்கு மேல்ஸ்தாயி எட்டவில்லை. "இனிமே பாட மாட்டேன்" என்று சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். அவருக்கு அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கெஞ்சிக் கூத்தாடி அழைத்துவந்து மைக் முன்னால் நிறுத்தினார். கீபோர்டில் சுருதியை இறக்கும் பொத்தானைச் சத்தமில்லாமல் அமுக்கினார். விரல்கள் பழைய கட்டைகளிலேயே ஓடும், ஒலி மட்டும் தாழ்ந்து வரும். அவள் பாடிவிட்டாள். ஆண்டவர் குரலைத் திருப்பித் தந்தார் என்று சாட்சியும் சொன்னாள். சபையே கைதட்டியது. அவர் மட்டும் கைதட்டவில்லை. உண்மை தெரிந்தால் மறுபடி வாயைத் திறப்பாளா?

வினை மைத்துனன் உருவில் வந்தது. வெளியூர் வேலை முடிந்து திரும்பியவன், கிட்டாரோடு ஒத்திகைக்கு வந்து நின்றான். 'கேட்காமலே தந்த அன்புக்கு நன்றி' என்று புதுப்பாட்டு தொடங்கியதுமே முகத்தைச் சுளித்தான்.

"அத்தான், ஒட்டவே மாட்டேங்குதே?"

"உன் கம்பியை ஒழுங்கா முறுக்குடா."

"இப்பத்தான் முறுக்கினேன்." கீபோர்டின் திரையை எட்டிப் பார்த்தவன் தண்டோராவே போட்டுவிட்டான். "இதென்ன, மைனஸ் மூணுன்னு காட்டுது? சுருதியை இறக்கி வச்சிருக்கீங்களா?"

டிரம்ஸ் நின்றது. அவர் தரையைப் பார்த்தார், பொத்தானைப் பார்த்தார். மனைவியை மட்டும் பார்க்கவில்லை.

"மூணா?" என்றாள் அவள். "போன வாரம் ரெண்டுதானே இருந்துச்சு?"

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "உனக்குத் தெரியுமா?"

"கழுத்துலதானே ஆபரேஷன் பண்ணாங்க? காதுல இல்லையே."

"அப்புறம் ஏன் அப்படி சாட்சி சொன்னே?"

"பின்னே? நான் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தப்போ, என்னை எழுப்பிப் பாட வைக்க ஒரு மனுஷனை ஆண்டவர் பக்கத்துல வச்சிருந்தாரே. அதுக்கு நான் வேற யாருக்கு நன்றி சொல்வேன்?" சட்டென்று தம்பி பக்கம் திரும்பினாள். "நீ என்னடா வேடிக்கை பார்க்கிறே? எங்களோட சேர்ந்து இறங்கி வாசி."

பிறகு கணவரிடம், "இன்னும் ஒண்ணு குறைங்க. கடைசி வரி இடிக்குது" என்றாள்.

இந்த முறை ஒளிக்காமல் அமுக்கினார். அவள் அவர் பக்கம் திரும்பி நின்றே பாடினாள். கண்ணீர் மறைத்ததில் அவர் விரல் இரண்டு இடத்தில் தப்பியது. எதையும் விடாத அந்தக் காது, அன்று அதைக் கண்டுகொள்ளவில்லை.