காடு விட்ட மூச்சு

வெள்ளிக்கிழமை படம் வெளியானது. சனிக்கிழமை காலை விமர்சனங்கள் வந்ததும் ஒலிப்பதிவாளர் எங்கே ஒளியலாம் என்று பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார், மனிதர் வாங்காத திட்டா! விமர்சகர்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் புகழ்ந்திருந்தார்கள், அதுவும் சரியாக அந்த இடத்தை.

தம்பியின் சாவுக்குக் காரணமாகிவிட்டு, காட்டுக் காவல் கோபுரத்தில் தன்னந்தனியாக இருக்கும் ஒருவனுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புத்தி பேதலிக்கும் கதை. நாற்பதாவது நிமிடத்தில் மழை விடும். அவன் முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சு விடும் சத்தம் கேட்கும். திரும்பிப் பார்த்தால் ஆளே இருக்காது.

ஒலிப்பதிவாளரின் மனைவி சாப்பாட்டு மேசையில் பத்திரிகைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு உரக்கப் படித்தாள். "கேளுங்க, 'குற்ற உணர்ச்சி மூச்சு விட்டால் இப்படித்தான் கேட்கும்.' இதோ இன்னொண்ணு, இது யாரு எழுதினது தெரியுமா? கத்தரி! 'காடே மூச்சு விடுகிறது. ஒலிப்பதிவாளருக்கு என் வணக்கம்'னு எழுதியிருக்காங்க. இருபது வருஷத்துல நானே உங்களுக்கு வணக்கம் சொன்னதில்ல!"

கத்தரி என்பது ஒரு விமர்சகருக்குத் திரையுலகம் வைத்த பெயர். அந்த அம்மாளிடம் சிக்கிய படம் துண்டு துண்டாகத்தான் வெளியே வரும்.

"நாளைக்கு மதியக் காட்சிக்குப் போறோம். படம் முடிஞ்சு கலந்துரையாடலும் இருக்காம், கத்தரியே வராங்களாம்."

"கூட்டமா இருக்கும். இன்னொரு நாள் பாத்துக்கலாமே."

"டிக்கெட் எடுத்தாச்சு."

விஷயம் இதுதான். மூச்சு விட்டது காடும் இல்லை, குற்ற உணர்ச்சியும் இல்லை, இவர்தான். அவருக்குப் பழைய இளைப்பு நோய் உண்டு. மைக்குக்குப் பக்கத்தில் நிற்பவன் மூச்சடக்கத் தெரிந்தவனாக இருக்க வேண்டும் என்பது அவர் தொழில் கர்வம். சட்டைப்பையில் இன்ஹேலர் ஆடினால் கடகடவென்று சத்தம் வருமே என்று அதை மலையடிவாரத்தில் வண்டியிலேயே வைத்துவிட்டுப் படப்பிடிப்புக்கு ஏறினார். மூன்றாம் நாள் மழையில் இளைப்பு பிடித்துக்கொண்டது. இன்ஹேலர் சத்தம் பதிவாகவில்லை, இளைப்பு பதிவாகிவிட்டது. இதைவிடப் புத்திசாலித்தனமாக ஒரு மனிதன் மாட்டிக்கொள்ள முடியாது.

ஒலிக்கலவை அறையில்தான் அதைக் கேட்டார், அழிக்கக் கை நீட்டினார். அதற்குள் இயக்குநர் துள்ளிக் குதித்து, "இதை எங்க புடிச்சீங்க சார்? பிரமாதம்!" என்றார். இவரும் தலையை ஆட்டிவைத்தார். வீட்டுக்கோ படப்பிடிப்பின்போது தினமும் போனில், "இங்க காத்து ரொம்ப நல்லாருக்கு, உடம்பு கல்லு மாதிரி இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மனைவி பதினெட்டு வருஷமாக நுரையீரல் வார்டு நர்ஸ். அவளிடம் போய் இந்த மூச்சை மறைப்பதா?

ஞாயிறு மதியம் அரங்கம் நிறைந்திருந்தது. நாற்பதாவது நிமிடம் வந்தது. மழை விட்டது. மூச்சு தொடங்கியது. சுற்றிலும் ஜனங்கள் மிரண்டு ஒட்டி உட்கார்ந்தார்கள். அவள் கை மட்டும் இருட்டில் அவர் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தது. கைகோர்க்கிறாள் என்று நினைத்தார். இல்லை, நாடி பார்த்தாள். படம் முடியும்வரை விடவே இல்லை. விளக்கு எரிந்தபோது அவள் கண் சிவந்திருந்தது.

மேடையில் கத்தரி எடுத்த எடுப்பிலேயே கேட்டார். "அந்த மூச்சு யாரோடது? அவனோட மனசாட்சியா, செத்துப்போன தம்பியா?"

இயக்குநர் பெருமையோடு கூட்டத்தைப் பார்த்துக் கை நீட்டினார். "அதைப் புடிச்சவரே சொல்லட்டும்."

மைக் கைக்கு வந்துவிட்டது. காட்டுக்காற்று மூங்கிலில் புகுந்த சத்தம் என்று ஒரு பொய் தயாராக இருந்தது. சொன்னால் வணக்கம் நிலைக்கும். சொல்லாவிட்டால், மூச்சடக்கத் தெரியாத ஒலிப்பதிவாளன் என்று ஊரே சிரிக்கும், அடுத்த படத்துக்கு யார் கூப்பிடுவார்கள்? மனைவியைப் பார்த்தார். அவர் மணிக்கட்டை அவள் இன்னும் பிடித்திருந்தாள். அந்தப் பிடியில் இருந்துகொண்டு பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

"அது நான்தாங்க," என்றார். "எனக்கு இளைப்பு. மருந்தைக் கீழேயே விட்டுட்டுப் போயிட்டேன். அது கலையில்ல, என் தப்பு. வீட்டுலயும் சொல்லல. மன்னிச்சிடுங்க."

கடைசி வார்த்தையை அரங்கத்துக்குச் சொல்லவில்லை, பக்கத்து இருக்கைக்குத்தான் சொன்னார். இயக்குநர் வாயைப் பிளந்து நின்றார். கத்தரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவ்வளவுதான், நம்மைத் துண்டு போடப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டார் ஒலிப்பதிவாளர்.

"இப்ப உடம்பு எப்படிங்க இருக்கு?" என்று கேட்டார் கத்தரி.

மனைவி மைக்கைப் பிடுங்கினாள். "நாடி சரியா இருக்கு மேடம். மீதியை நான் வீட்டுல வச்சுப் பாத்துக்கறேன்." அரங்கம் சிரித்து ஓய வெகுநேரம் ஆயிற்று.

அடுத்த வாரம் கத்தரியின் பத்தியின் அடியில் ஒரு திருத்தம் வந்திருந்தது. 'காடு மூச்சு விடுவதாகச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். தவறு. மூச்சு ஒலிப்பதிவாளருடையது. வணக்கத்தில் மாற்றம் இல்லை.'

மனைவி அதை வெட்டி அவருடைய மைக் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டினாள். கீழே இன்ஹேலரை வைத்தாள், ஆடினாலும் சத்தம் வராதபடி தன் பழைய கையுறை ஒன்றுக்குள் சுற்றி.