லைன் வந்தால்தான் கேட்

விடிகாலையில் தூறல் விழுந்த கொஞ்ச நேரத்தில் ராயபுரம் ஆபீசிலிருந்து வரும் கம்ப்யூட்டர் லைன் செத்தது. திருவொற்றியூர் கண்டெய்னர் யார்டின் கேட்டில் தடுப்புக்கட்டை இறங்கியது இறங்கியபடி நின்றது. பெட்டி ஏற்றிய டிரெய்லர்கள் வெளியே போக வழியில்லாமல் ஹாரனை அலற விட்டன.

யார்டின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் எழில்மொழி அசைந்து கொடுக்கவில்லை. கட்டையை அப்படி நிற்க வைத்ததே அவள்தான். யார்டில் ஒரு கம்ப்யூட்டர், ராயபுரம் ஆபீசில் ஒரு கம்ப்யூட்டர். எந்தப் பெட்டி வெளியே போகலாம் என்ற கணக்கு இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ராயபுரத்துக் கணக்கை மணிக்கொரு தரம் கேட்டுக்கு நகல் எடுத்தால் போதும், லைன் போனாலும் வண்டி ஓடும் என்பது மேனேஜர் கஸ்பாரின் கட்சி. நடுவில் ஒரு பெட்டியைப் பிடித்து வைக்கச் சொல்லி கஸ்டம்ஸிலிருந்து உத்தரவு வந்தால்? ராயபுரத்துக்குத் தெரியும், கேட்டுக்குத் தெரியாது. போன மாதம் அப்படித்தான் ஒரு பெட்டி போனது. கூடவே கேட் கிளார்க் வேதமாணிக்கத்தின் வேலையும் போனது. தப்பு பழைய நகலுடையது, தண்டனை மனிதனுக்கு. அது அவளுக்கு ஆறவேயில்லை. இரண்டு பக்கமும் அந்த நிமிஷமே ஒத்துக்கொண்டால்தான் கட்டை உயரும் என்று புரோகிராமை எழுதிவிட்டாள்.

"வண்டி நின்னா நீதான் பதில் சொல்லணும்" என்று அன்றே சொல்லிவிட்டார் கஸ்பார்.

"சொல்றேன் சார்" என்று வாய் கொடுத்தாயிற்று. இன்று வாங்கிக் கட்டிக்கொள்ளும் நாள்.

வரிசையின் முதல் வண்டியிலிருந்து எட்டிப் பார்த்தவர் பீம்ராவ், அவள் அப்பா.

"இன்னாமே எழிலு, கேட்டத் தூக்கு. பொழுது ஏறிச்சின்னா லாரிய சிட்டிக்குள்ள போலீஸ்காரன் வுடமாட்டான். நாள் பூரா ரோட்டுலயே குந்திகினு கெடக்கணும்."

"லைன் வரல நைனா."

"நம்ம வண்டிய மட்டும் வுடேன். எவன் கேக்கப் போறான்?"

கட்டையைக் கையாலும் தூக்கலாம். சாவி அவளிடம்தான் இருந்தது. தூக்கமில்லாமல் சிவந்த அவர் கண்களைப் பார்த்தாள்; சாவியை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

"உன் பெட்டியப் புடிச்சி வைக்கச் சொல்லியிருந்தா? வேதமாணிக்கம் அண்ணனுக்கு வேலதான் போச்சு. உன்ன உள்ளயே தள்ளிடுவாங்க நைனா."

"உன்னப் படிக்க வெச்சேன் பாரு, என்னச் சொல்லணும்" என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் மகளை ஒரு தரம் முழுசாகப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்து, பாதி உடம்பை வெளியே நீட்டிப் பின்னால் திரும்பினார்.

"டேய், இன்னாத்துக்குடா கூவிகினு கீறீங்க? லைன் வந்தாத்தான் தொறக்கும். ஆஃப் பண்ணுங்கடா!"

தன் வண்டியை அவரே முதலில் அணைத்தார். அடுத்தது நின்றது, அதற்கடுத்தது. லைன் இன்னும் வரவில்லை. வளைவுக்கு அப்பால், கண்ணுக்குத் தெரியாத வண்டிகளும் ஒவ்வொன்றாக அடங்கிக்கொண்டே போவது அவளுக்குக் கேட்டது.