மாப்பிள்ளையை நிறுத்தும் முறை

செங்கழுநீர்ப்பட்டியில் பெண்களுக்கு மனநோய் வந்தால் மருத்துவர் மாப்பிள்ளை எழுதிக் கொடுப்பார். மருந்துக் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

அறவாழி அப்படி வாங்கப்பட்டவர். கடை அலமாரியில் நின்ற காலத்திலேயே, பெண்களுக்குரிய நற்குணங்களைப் பற்றிப் பக்கத்துத் தட்டு இருமல் மருந்துகளுக்கு உரையாற்றிப் பழகியவர். ஆகவே, தாம் வீரியமான மருந்து என்பதில் அவருக்கு ஐயமே இருந்ததில்லை.

நில அளவையரான குமுதவல்லிக்கு மாதக்கணக்கில் தூக்கம் இல்லை. காரணமின்றி அழுதாள்; அளவைச் சங்கிலியை இழுத்தால் எண்ணிக்கை தவறியது. வேலைக்குத் திரும்ப வேண்டும், அதற்கு முதலில் தூங்க வேண்டும் என்பது மட்டுமே அவள் கேட்டது. அவளுடைய அப்பா மருத்துவர் எழுதிய சீட்டைக் காட்டி அறவாழியை வாங்கி வந்தார்.

உணவுக்குப் பின் அறவாழி வேலை செய்யத் தொடங்குவார்.

"பெண் என்பவள் வீட்டின் விளக்கு. விளக்கு அழலாமா? அளவைச் சங்கிலியைக் கீழே வை. தாலிச் சங்கிலி போதும்."

"மருந்து கொஞ்ச நேரம் பேசாம இருக்குமா?"

"கசக்கிறேன் என்றால் வேலை செய்கிறேன் என்று பொருள், குமுதா."

மறுபரிசோதனைக்கு அவரே அவளை அழைத்துச் சென்றார். தம் பலனைக் காதால் கேட்கும் ஆவல்.

"தூக்கம் எப்படிம்மா?" என்றார் டாக்டர்.

"சுத்தமா இல்லை, டாக்டர். இவரை நிறுத்திட்டு மாத்திரை குடுங்க."

"மாத்திரை தரேன். ஆனா இவரைத் திடீர்னு நிறுத்தக் கூடாது. படிப்படியாத்தான் குறைக்கணும். எதிலேர்ந்து ஆரம்பிக்கலாம்?"

"வாயிலேர்ந்து."

அறவாழி அதற்குத் தகுந்த அறவுரை ஒன்றைத் தொடங்கினார். அதற்குள் கம்பவுண்டர் வாயை எடுத்துப் பஞ்சில் சுற்றிவிட்டார்.

அடுத்த முறை வந்தபோது குமுதவல்லியின் கண்ணுக்குக் கீழே கருமை குறைந்திருந்தது. டாக்டர் மருந்தின் அளவை மேலும் குறைத்தார்.

"எதை மட்டும் வெச்சுக்கறீங்க?"

"பாத்திரம் தேய்க்க ஒரு கை இருக்கட்டும். நான் பேசினாக் கேட்க ஒரு காது."

அறவாழிக்கு மறுப்பதற்கு நிறையக் காரணங்கள் இருந்தன. எல்லாம் பஞ்சுக்குள் இருந்தன.

திரும்பும் பேருந்தில் அவள் ஜன்னலோரம் சாய்ந்தாள். கையும் காதுமாக அவர் அவள் மடியில் இருந்தார். ஆற்றுப்பாலம் வருவதற்குள் அவள் மூச்சு சீராகி ஆழ்ந்தது. காது அதைக் கேட்டது. அப்படி ஓர் ஓசை உண்டென்று அவர் எவருக்கும் உபதேசித்ததில்லை.

நடத்துநர் விசிலோடு வந்தார். அவள் விழித்துவிடக் கூடாதே என்று கை அவசரமாகப் பணத்தை நீட்டியது.

நடத்துநர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் குனிந்தார்.

"அம்மாவுக்கு ஒண்ணு முழுசு. சாருக்கு அரை டிக்கெட்" என்று காதோடு சொல்லிக் கிழித்துக் கொடுத்தார்.