மழுங்காத கத்தி

ஜானகிராமனுக்கு ஆராய்ச்சி நிலையத்தில் கொள்முதல் பிரிவில் வேலை. விஞ்ஞானியாக இருப்பது வீட்டில் மட்டும்தான். சிங்கப்பூர் போய்வந்த நண்பர் கொடுத்த வெள்ளைப் பீங்கான் கத்தியைப் பற்றி மனைவி ராஜத்துக்கு ஒரு மணி நேரம் வகுப்பெடுத்தார். சிர்கோனியாவாம், இரும்பைவிடக் கெட்டியாம், ஆயுசுக்கும் தீட்டவே வேண்டாமாம்.

"அப்ப என் அரிவாள்மணை?" என்றாள் ராஜம். காய் நறுக்க, தேங்காய் துருவ, அவள் கைக்கு வாகாக இருந்தது அது ஒன்றுதான்.

"பரண்ல போடு. ஒரு வருஷத்துல இந்தக் கத்தி கெட்டுப்போனா நானே இறக்கித் தரேன். கெடலைன்னா பழைய இரும்புக்காரனுக்குத்தான்."

கெடுகிறதா என்று தினமும் பார்த்தாள். பாவி கத்தி, கெடவே இல்லை. பதினோராம் மாதம் பரங்கிக்காயில் மாட்டிக்கொண்டதை ஒரு திருகு திருகினாள். அரிசி அளவுக்குச் சில்லு பெயர்ந்துவிட்டது. ஜெயித்துவிட்டோம் என்று அவளுக்குத் தோன்றினால்தானே! சில்லைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். மிக்ஸி மூடி உடைந்ததற்கே மூன்று நாள் விசாரணை வைத்த மனுஷன். கத்தி மேல் தப்பில்லை, உன் கை மேல்தான் என்று சாகிறவரை சொல்லிக்காட்டுவார்.

தெருவில் வந்த சாணைக்காரரிடம் ரகசியமாக நீட்டினாள். அவர் இரண்டு சுற்று சுற்றிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இன்னாம்மா இது? கத்தி தேயல, என் கல்லுதான் தேயுது."

வீட்டு வேலைக்கு வரும் வேண்டா என்கிற பெண்தான் வழி சொன்னாள். "எந்தம்பி ஜெயக்குமாரு மாபலிபுரத்துல சிலை வேல செஞ்சிகினுகீறான்மா. கருங்கல்லையே வைர வட்டு போட்டு அறுக்கறான். இது இன்னா பெரிய இது?"

மறுநாளே ராஜம் பஸ் ஏறினாள். ஜெயக்குமார் பிள்ளையார் தொந்திக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தான். தொந்தியை அப்படியே விட்டுவிட்டு, கத்திமேல் தண்ணீரைச் சொட்டவிட்டு, வைர வட்டில் பட்டும் படாமலும் தேய்த்தான். அழுத்தினால் இன்னும் பெயரும் என்று மூச்சைக்கூட அடக்கிக்கொண்டான். சில்லு போன இடமே தெரியவில்லை.

"யாருக்கும் தெரியாதுல்ல?" என்றாள்.

"செஞ்ச எனக்கே தெர்லம்மா."

வருஷம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை ஜானகிராமன் தக்காளியைக் காகிதம்போல் சீவிக் காட்டினார். "பார்த்தியா? ஒரு வருஷம்! ஒரு தடவை தீட்டினோமா?" சொன்ன கையோடு அரிவாள்மணையை இறக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். இரும்புக்காரன் காத்திருந்தான்.

அப்போதுதான் ராஜத்துக்கு உறைத்தது. அடிப்பாவி, உன் தலையில் நீயே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாயே! கத்தியும் கையுமாக ஓடிப்போய் மறித்தாள்.

"நில்லுங்க! இந்தக் கத்தி போன மாசமே உடைஞ்சுபோச்சு. மாமல்லபுரத்துல சிலை செய்யறவன்கிட்ட நான்தான் சரிபண்ணிக்கிட்டு வந்தேன்!"

ஜானகிராமன் கத்தியை வாங்கி வெயிலில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார். "சிர்கோனியாவை, சிலை செய்யறவன்? பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும், ராஜம்."

புடவை விலையென்று அவள் இருபது வருஷமாகச் சொன்ன அத்தனை பொய்யையும் நம்பியவர் அவர். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

இரும்புக்காரன் அரிவாள்மணையை விரலால் தடவிப் பார்த்தான். "இன்னா சார், இம்மாங் கூரா கீது. இதப் போயி போடறீங்களே?"

"என்னிக்காவது மழுங்கிடும்பா," என்றார் ஜானகிராமன்.