செயினுக்கு வராத ஆயில்

மாமரத்தில் நாலு விரல் ஆழம் இறங்குவதற்குள் மரம் அறுக்கும் மெஷினிலிருந்து புகை வந்தது. பிரஜின் நிறுத்தவில்லை. விசையை இன்னும் அழுத்தினான். மரம் அறுபடுகிற சத்தம் போய் இரும்பு கீறுகிற சத்தம் எழுந்தது. முற்றத்துப் பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

கிணற்றடியில் குடத்தோடு நின்ற ஜெயஷீலா அந்தச் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லியிருப்பாள். பாறசாலையில் விவசாய மெஷின்களைப் பழுது பார்க்கும் கடையில் பதினெட்டு வருஷமாக அவளுக்கு அதுதான் வேலை. ஆனால் சொல்லவில்லை. தம்பியின் புறங்கழுத்தில் வழிந்த வியர்வையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். போன ஓணத்துக்குத் துபாயிலிருந்து வந்தபோது இந்தச் சின்ன மெஷினைப் பெட்டியோடு கொண்டுவந்து ஊர் முழுக்கக் காட்டியவன். இனி ஒரு மரம்வெட்டிக்காகவும் காத்துக் கிடக்க வேண்டாம் என்று அப்பாவிடம் பெருமையடித்தவன். அதன் பிறகு அதை வைத்து ஒரு குச்சியைக்கூட அறுத்ததில்லை.

அப்பா திரவியம் நேற்றுக் காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்தார். ஆட்டோ ஆஸ்பத்திரியை எட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பிரஜின் இன்று விடிகாலை விமானத்தில் வந்தான். வீட்டுக்குத் தெற்கே நிற்கும் மாமரத்தை வெட்டித்தான் சிதை அடுக்க வேண்டும். வழக்கமாக வெட்டுகிறவர்களோ பொன்முடி ரோட்டில் காற்றுக்கு விழுந்த மரங்களை அறுக்கப் போயிருந்தார்கள். பன்னிரண்டுக்கு ராகுகாலம் பிறந்துவிடும். மணி பத்தைத் தாண்டியிருந்தது.

பந்தலில் யாரோ, "எப்பேர்ப்பட்ட மனுஷன். ஒருத்தனுக்கும் ஒரு தோஷமும் செய்யல்ல" என்றார். ஜெயஷீலா திரும்பிப் பார்த்தாள். கீழ்வயல்காரர். கால்வாய் ஷட்டரைத் திறந்து மூடுகிற வேலையில் அப்பா இருந்த காலத்தில், வணக்கம் சொல்லவில்லை என்பதற்காக இவருடைய வாழைத்தோப்புக்கு இருபது நாள் தண்ணீர் விடவில்லை. தோப்பு முழுக்கக் கருகியது. அந்த மனிதர்தான் இப்போது துண்டால் கண்ணைத் துடைக்கிறார்.

கண்ணாடிப் பெட்டியின் தலைமாட்டில் இருந்த அம்மா தங்கபாய், "எங்கிட்ட ஒரு வாக்கு உரக்கப் பேசினதில்லியே" என்று அழுதாள். புருவத்துக்கு மேலே, அவர் எறிந்த டம்ளர் கிழித்த தழும்பு அழுகையில் சுருங்கி விரிந்தது. சாவுக்கு வருகிறவர்கள் பொய் சொல்வதற்கென்றே குளித்து உடுத்துக் கிளம்புகிறார்கள் என்று ஜெயஷீலாவுக்குத் தோன்றியது.

அவளுக்கு அழுகை வரவில்லை. வரவழைக்கவும் முயலவில்லை. பதினொரு வருஷத்துக்கு முன்பு, கட்டியவன் வேண்டாமென்று பையோடு திரும்பி வந்தபோது, அப்பா வாயைத் திறக்காமல் பின்பக்கத்துத் தகரக்கூரை அறையை விரலால் காட்டினார். அன்றிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'மெக்கானிக்கு வந்தாச்சா?' என்பார், அவள் காதில் விழும்படி.

மெஷின் மறுபடி அலறியது.

"பிரஜினே, அத நிறுத்துடா. செயின் அறுந்து மூஞ்சியில அடிக்கும்" என்று சத்தம் போட்டார் யோசுவா. பக்கத்து வீட்டுக்காரர். ரப்பர் வெட்டுகிறவர். கையில் கோடாலியோடு நின்றார்.

"ஓயில் உண்டு அண்ணா. ஃபுல்லா ஊத்தியிருக்கேன். பாருங்க." பிரஜின் டாங்க் மூடியைத் திறந்து காட்டினான்.

ஜெயஷீலாவால் அதற்கு மேல் வாயை அடக்க முடியவில்லை. "பத்து மினிட்டு ஓடின பெறகும் ஃபுல்லா இருந்தா அதுதாண்டா கேடு. செயினுக்குப் போயிருந்தா குறஞ்சிருக்கணும்."

"அக்கா, இது உன் கடையில வர்ற புல்லு வெட்டுற மெஷின் இல்ல."

"செரி. அப்போ புகைய ஊதிக்கிட்டே அறு."

அவன் மெஷினைக் கவிழ்த்து, அடியிலிருந்த சின்ன ஸ்க்ரூவைக் கடைசிவரை திருகினான். ஆயில் அதிகமாக வருவதற்கு அதைத்தான் திருக வேண்டும் என்று ஃபோனில் பார்த்தானாம். மறுபடியும் இழுத்து ஓட்டினான். மறுபடியும் புகை. செயின் ஒரு முறை துள்ளி, வெட்டுக்குள்ளேயே இறுகி நின்றது. அவன் கைப்பிடியைப் பிடித்து ஆட்டினான், அசையவில்லை. மெஷினை மரத்திலேயே விட்டுவிட்டு, சுற்றி நின்றவர்களின் முகங்களைப் பார்த்தான். சின்ன வயதில் கணக்குத் தப்பும்போது இப்படித்தான் பார்ப்பான். அப்போதும் அடி அவளுக்குத்தான் விழும், சொல்லிக் கொடுக்கவில்லை என்று.

ஜெயஷீலா குடத்தைக் கீழே வைத்தாள்.

யோசுவா கோடாலியின் காம்பால் மரத்தை நெம்பிக் கொடுக்க, மெஷினை உருவி எடுத்தாள். ஒரு கமுகம்பாளையின் வெளுத்த உட்புறத்துக்கு நேராக, செயின் சுற்றி ஓடும் நீளத் தகடான பாரின் நுனியைப் பிடித்துக்கொண்டு ஓட்டினாள். ஆயில் வந்தால் பாளையில் கோடு விழும். விழவில்லை. ஆற வைத்து, இரண்டு நட்டையும் கழற்றி, பக்கவாட்டு மூடியை எடுத்தாள். பாரையும் செயினையும் நீக்கிவிட்டு மறுபடி ஓட்டிப் பார்த்தாள். பம்பின் வாயில் ஆயில் கொப்புளம்போல் ஊறி வழிந்தது.

"பம்புக்கு ஒண்ணுமில்ல. வழிதான் அடஞ்சிருக்கு."

ரவிக்கையிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றினாள். பாரின் ஓரத்துப் பள்ளம் நெடுக மரத்தூள் இறுகிக் கிடந்தது. ஆயில் ஏறுகிற துவாரம் இருக்கிற இடமே தெரியவில்லை. குத்திக் கிளறியபோது தூள் கட்டியாகப் பெயர்ந்து அவள் உள்ளங்கையில் விழுந்தது.

மஞ்சளாக இருந்தது.

மாமரத்தின் தூள் வெளுத்திருக்கும். மேலாக ஒட்டியிருந்தது அப்படித்தான் இருந்தது. உள்ளே கிடந்ததெல்லாம் நல்ல மஞ்சள்.

யோசுவா குனிந்து பார்த்தார். "இது பிலாவுக்க பொடியாக்கும். சனியாழ்ச்ச பகலு இங்க மெஷின் சத்தம் கேட்டுதே. நீ லீவுபோலன்னு நெனச்சேன்."

சனிக்கிழமை அவள் கடையில்தான் இருந்தாள். சாயங்காலம் வந்து பார்த்தபோது, அவள் அறையின் தகரக்கூரைக்கு மேலே நீண்டு நின்ற பலாக்கிளை இல்லை. கரண்டு ஆபீஸ்காரர்கள் கம்பிக்காக வெட்டியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். கூடவே, யாரென்று தெரியாதவர்களுக்கு இருக்கிற கருணைகூட இந்த வீட்டில் இல்லை என்றும் நினைத்தாள். மூன்று வருஷமாக அந்தக் கிளையை வெட்டச் சொல்லி அப்பாவிடம் கேட்டிருக்கிறாள். போன வருஷம் ஒரு பலாச்சக்கை தகரத்தைப் பொத்துக்கொண்டு கட்டிலுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. அதைக் காட்டியபோதும், "விழுந்தா எடுத்துத் தின்னு" என்றுதான் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர் இடது தோளில் வலி என்று அம்மாவைத் தைலம் தேய்க்கச் சொல்லிக் கத்தியது, பின்னறைவரைக்கும் கேட்டது. எதற்கு வலி என்று சொல்லவில்லை. எழுபத்து மூன்று வயதில் ஏணி வைத்து ஏறியிருக்கிறார். பிரித்துத் துடைக்க வேண்டும் என்றுகூடத் தெரியாமல், அறுத்துவிட்டு அப்படியே பெட்டியில் திருப்பி வைத்திருக்கிறார், திருடனைப்போல. இரண்டு சுவருக்கு அப்பால் மெக்கானிக் ஒருத்தி இருந்தாள். கேட்டால் குறைந்தா போய்விடுவார்? வெட்டிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் வாய் வெந்தா போய்விடும்?

"என்ன பிள்ள, துவாரம் கிட்டிச்சா?" என்றார் யோசுவா.

"கிட்டிச்சு."

அவள் உள்ளங்கையைக் கவிழ்த்துத் தட்டினாள். பாரை மண்ணெண்ணெயில் கழுவி, தலைகீழாகத் திருப்பி மாட்டினாள். செயினை அளவாக முறுக்கி நட்டை இறுக்கினாள். இந்த முறை பாளையில் மெல்லிய கறுப்புக் கோடு விழுந்தது.

பிரஜின் கையை நீட்டினான். "தா. நான் அறுக்கேன்."

அவள் தரவில்லை. பந்தலிலிருந்து ஒரு குரல், "பெம்பிள்ளையா வெட்டுகது?" என்றது.

"வெட்டட்டு. நேரம் என்னாச்சுன்னு பாத்தியளா?" என்றார் யோசுவா.

மரம் இருபது நிமிடத்தில் சாய்ந்தது. துண்டு போட இன்னொரு அரை மணி. மெஷின் ஒரு தடவைகூடப் புகையவில்லை. பிரஜின் ஈர வேட்டியோடு நெருப்பு வைக்கும்போது பன்னிரண்டாக இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. "மகன் ஓடி வந்து எல்லாத்தையும் ஒழுங்காச் செய்தான்" என்று கீழ்வயல்காரர் சொன்னார்.

மூன்று மணிக்கு மேல் வந்தவர்கள் கலைந்தார்கள். ஜெயஷீலா பின்னறையின் படியில் உட்கார்ந்து மெஷினைப் பிரித்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். குளித்துவிட்டு வந்த பிரஜின் பாரைக் கையில் எடுத்து வெயிலில் திருப்பிப் பார்த்தான்.

"சூட்டுல நீலம் பாஞ்சிருக்கே. நான் அறுத்த கொஞ்ச நேரத்துல இப்படி ஆகாது. மெஷின் பெட்டியும் ஏற்கெனவே பிரிஞ்சு கெடந்துது." கொஞ்சம் யோசித்தான். "கெழவனாத்தான் இருக்கும். ஒரு மண்ணும் தெரியாது, ஆனா எல்லாத்துலயும் கைய வைக்கணும். சாகுகதுக்கு முன்னால இதையும் ஒரு வழி பண்ணிட்டுப் போயிருக்கு."

ஜெயஷீலா துணியை மடித்து செயினின் பற்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள்.

"நான்தான் எடுத்தேன்" என்றாள்.

"நீயா?"

"சனியாழ்ச்ச. அந்தக் கெளைய வெட்டுகதுக்கு."

அவன் அவளையே பார்த்தான். பிறகு சிரித்துவிட்டான். "ஊருக்கெல்லாம் மெஷின் நன்னாக்கிக் குடுக்கிற ஆளு. வேல முடிஞ்சா தொடச்சு வைக்கணும்னு தெரியல்லியா? இதுக்காக்கும் பதினெட்டு வருஷம் கடைக்குப் போனியா?"

"மறந்துட்டேன்."

அவன் பாரை அவள் பக்கத்தில் போட்டுவிட்டு உள்ளே போனான். சமையலறையில் அவன் அம்மாவிடம் ஏதோ சொல்வதும், அம்மா, "அவளா?" என்று கேட்பதும் காதில் விழுந்தது.

ஜெயஷீலா டாங்க் மூடியை இறுக்கினாள். தெற்கே வெட்டிய மாமரத்தின் அடியில் பால் கசிந்து சொட்டிக்கொண்டிருந்தது. அதைத் தேடி எறும்புகள் வரத் தொடங்கியிருந்தன.