பங்குக் கிணறு

அப்பாவின் கையில் வந்த மணம் தனோஜனுக்கு நன்றாகத் தெரியும். வெங்காயத்துக்குப் பூச்சி மருந்து அடிக்கும் நாட்களில் வீடு முழுக்க அந்த மணம்தான். ஆனால் இந்தமுறை வெங்காயம் இன்னும் நடவேயில்லை.

"விடியவெள்ளன எங்கை போட்டு வாறியள்?"

தியாகராசா மருந்துப் போத்தலைக் கீழே வைத்துவிட்டு முற்றத்துக் குழாயடியில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். "தோட்டத்துக்கு."

"மருந்துப் போத்தல் ஏனப்பா?"

"உவர் புதுப் பங்குக்காரர் இண்டைக்குத் தண்ணி அள்ளப்போறாராம். அள்ளட்டும். ஒருக்கா வயித்தைப் பிரட்டினால் காணியை வித்துப்போட்டு ஓடுவார்." துவாயை எடுத்து ஆறுதலாகத் துடைத்தார். "நீ வாயைப் பொத்திக்கொண்டு இரு. வெளியிலை தெரிஞ்சால் பொலிஸ் பிடிச்சு மறியலுக்குப் போறது உன்ரை அப்பன்தான்."

உரும்பிராய்த் தோட்டத்துக் கிணறு அவருக்கும் அவர் தம்பிக்கும் பாதிப்பாதி. கனடாவில் இருந்த தம்பி, தன் காணியைக் கிணற்றுப் பங்கோடு சேர்த்து, அண்ணனிடம் ஒரு வார்த்தை கேளாமல் மயூரதனுக்கு விற்றுவிட்டார். மயூரதனின் பாட்டன் அதே தோட்டத்தில் கூலிக்குக் கொத்தியவர். அந்த ஆட்கள் அந்நாளில் கிணற்று வாளியைத் தொடக்கூடாது. யாராவது ஊற்றினால் கையேந்திக் குடிக்கலாம்.

மயூரதன் இன்று வயரிங் வேலைகளை ஒப்பந்தமெடுத்துச் செய்பவன். பள்ளிக்கூடத்தில் தனோஜனோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். அவன் வீட்டுச் சோறு தனோஜனின் உடம்பில் நிறைய உண்டு. மயூரதனோ தனோஜன் வீட்டுப் படலைக்கு உள்ளே ஒருநாளும் வந்ததில்லை. இருவரும் அதைப்பற்றிக் கதைத்ததும் இல்லை.

தனோஜன் வீட்டின் பின்பக்கம் போய்க் கைப்பேசியை எடுத்தான்.

"மச்சான், இண்டைக்கு அந்தக் கிணத்திலை தண்ணி அள்ளாதை."

"ஏன்ரா? பத்து மணிக்கு நல்ல நேரம். கற்பூரம் கொளுத்திப்போட்டு அள்ளப்போறம். நீயும் வாவன்."

"அள்ளாதை எண்டால் அள்ளாதை."

"காரணத்தைச் சொல்லு."

சொல்ல வாயெடுத்தான். முன்பக்கம் அப்பா செருமும் சத்தம் கேட்டது. "சொன்னாக் கேள், மச்சான்."

மறுமுனையில் ஒரு சிரிப்பு. "உன்ரை கொப்பர் சொல்லுவார் எண்டு தெரியும். நீயும் சொல்லுவாய் எண்டு நான் நினைக்கேல்லை."

தொடர்பு அறுந்தது. திரும்பத் திரும்ப அடித்தும் அவன் எடுக்கவில்லை. தனோஜன் மோட்டார் சைக்கிளை உதைத்தான்.

தோட்டத்தில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். கிணற்றுக் கட்டின்மேல் மயூரதன், கையில் நிரம்பிய வாளி.

"வாங்கோ, கிணத்துக்காரர்! மறிக்க வந்தனீங்களோ?" என்றான் மயூரதன். நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவன் கைப்பேசியைத் தூக்கிப் படம் பிடிக்கத் தொடங்கினான். "நல்லா எடடா, கனடாவிலையும் பாக்கட்டும்." என்றபடி மயூரதன் வாளியை வாய்க்கு உயர்த்தினான்.

தனோஜன் பாய்ந்து அதைத் தட்டிவிட்டான். வாளி உருண்டது. சிரிப்பு நின்றது. யாரோ அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்கள்.

"விடுங்கோ அவனை," என்றான் மயூரதன். அவன் முகம் கறுத்திருந்தது. "எங்கடை கையிலை இருந்த வாளியைத் தட்டுறான். பாட்டன்ரை காலம் எண்டு நினைப்பு."

"மருந்து ஊத்தியிருக்கு!" தனோஜன் கத்தினான். "அப்பா ஊத்திப்போட்டார்!"

படம் பிடித்தவனின் கை தாழ்ந்தது. மயூரதன் கிணற்றைப் பார்த்தான், பிறகு அவனைப் பார்த்தான்.

"போனிலை ஏன் சொல்லேல்லை?"

"அப்பாவெல்லே, மச்சான்..."

"பத்து மணிக்குத்தான் அள்ள இருந்தனாங்கள்." மயூரதனின் குரல் மிகவும் தணிந்திருந்தது. "நீ மறிச்சபடியால்தான் உடனை அள்ளினது. முதல் செம்பு அம்மாவுக்குக் குடுத்தனான். குளோரின் போட்டதாக்கும், மணக்குது எண்டு சொல்லிச் சொல்லிக் குடிச்சவ."

வேலியோரக் கொட்டிலில் இருந்து மயூரதனின் மனைவி ஜெயகௌரி கூப்பிட்டது அப்போதுதான். "இஞ்சை ஓடிவாங்கோ! மாமி குடிச்ச தண்ணியைச் சத்தி எடுக்கிறா!"

மயூரதனின் தாய் குணலட்சுமி பிளாஸ்ரிக் கதிரையில் சரிந்து கிடந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை, கடைவாயில் நுரை. தனோஜன் மோட்டார் சைக்கிளை அவளருகே கொண்டுவந்து நிறுத்தினான். "பின்னாலை வைச்சுப் பிடி, மச்சான். கெதியா!"

மயூரதன் அவனைப் பார்க்கவில்லை. தாயைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, ஓட்டோ பிடிக்க றோட்டை நோக்கி ஓடினான்.

தனோஜனும் பின்னால் ஓடினான். தோளில் தொங்கிய தலையைக் குணலட்சுமி சிரமப்பட்டு நிமிர்த்தினாள். கண்கள் தனோஜனைத் தேடிப் பிடித்தன.

"தம்பி, நீயும் அந்தத் தண்ணியைக் குடிச்சனியோ?"

மயூரதன் இன்னும் வேகமாக ஓடினான்.