உத்தேசப் படம்

"அம்மா, இந்த முயல் பயந்து ஓடுச்சா, சும்மா விளையாடுச்சா?"

பனியில் பதிந்திருந்த தடங்களைக் காட்டி லின்னியா ஐந்து வயதில் கேட்டாள். அம்மா மேரன் குனிந்து பார்த்தாள்; தடங்கள் ஓடியதை மட்டுமே காட்டின.

மினசோட்டாவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் மேரனின் வேலையும் தடம் பார்ப்பதுதான். உயிருள்ள ஒரு செல்லின் மேல் எக்ஸ்ரே பட்டுச் சிதறும். சிதறி விழுந்த புள்ளிகளிலிருந்து, செல் எப்படி இருந்திருக்கும் என்று கணினி பின்னோக்கிக் கணக்குப் போடும். தொடங்குவதற்கு மட்டும் ஓர் உத்தேசப் படம் கொடுக்க வேண்டும்.

நான்கு வருடம் கழித்து ஒரு நாள், திரையில் செல்லின் உட்கருவைச் சுற்றி மெல்லிய வளையம் தெரிந்தது. இரண்டு வருடமாக அவள் தேடிய வளையம். அவளுடைய கட்டுரையே அதை நம்பித்தான் இருந்தது.

உலோகத்தில் விரிசல்களைப் படமெடுக்கும் டுவைட் காப்பியோடு எட்டிப் பார்த்தான்.

"அடடே, கல்யாண மோதிரம் மாதிரி இருக்கே! எந்தப் படத்தக் குடுத்து ஆரம்பிச்ச?"

"போன வருஷத்து செல்லு."

"அதுல வளையம் இருந்துச்சா?"

மேரன் ஆமாம் என்று தலையசைத்துவிட்டு, ஒன்றுமில்லாத வெற்றுப் படத்தைக் கொடுத்து மறுபடி ஓட்டினாள். வளையம் வரவில்லை.

"எது நெசம்னு சொல்ல புள்ளி பத்தல, டுவைட். இன்னும் எடுக்கணும். மெஷின்ல என் நேரம் முடிஞ்சுபோச்சு. செல்லு நாளைக்குத் தாங்காது."

"இன்னிக்கு சாயங்காலம் என் முறைதான். எடுத்துக்கோ."

"உன் விரிசல்?"

"இரும்பு எங்க ஓடிரப் போவுது? பதிலுக்குன்னு காப்பி மட்டும் நீ போட்டுராத, வாயில வைக்க முடியாது."

அன்று மாலை எடுத்த படத்திலும் வளையம் இல்லை. கட்டுரையில் 'இல்லை' என்றே எழுதினாள். இரவு உணவின்போது, இப்போது ஒன்பது வயதாகிவிட்ட மகளிடம் சொன்னாள்: "அந்த முயல் ஓடுனது தெரியுது கண்ணு. பயந்துச்சான்னு தடம் சொல்லல. நாமளா சேத்துக்கக் கூடாது."

"எந்த முயல்?" என்றாள் லின்னியா.

விட்டுக்கொடுத்த அந்த மாலையால் டுவைட்டின் இரும்புப் படம் ஒரு பக்கம் மங்கலாகவே நின்றுவிட்டது. அவனுடைய அடுத்த முறை கோடையில்தான். பொதுக் கணினியில் அவனுடைய கோப்பைத் திறந்தபோதுதான் மேரன் அதைக் கண்டாள்.

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மேரனின் முறை வந்தது. கூடத்தில் வேறு யாரும் இல்லை. முதலில், பொது அலமாரியிலிருந்த அவனுடைய இரும்புத் துண்டை எடுத்து வைத்தாள். விடுபட்ட கோணங்களுக்கெல்லாம் அதைத் திருப்பித் திருப்பிப் படமெடுத்தாள். பாதி நேரம் அதிலேயே போயிற்று. எடுத்தவற்றை அவனுடைய கோப்புகளோடு சேர்த்துவிட்டு, துண்டை இருந்த இடத்திலேயே வைத்தாள். பிறகுதான் தன் செல்லைப் படமெடுக்கத் தொடங்கினாள்.

வெளியே வந்தபோது பனி கொட்டிக்கொண்டிருந்தது. காலையில் வண்டியிலிருந்து அவள் நடந்து வந்த தடம் மூடிப்போயிருந்தது. தேவாலயத்தில் ஆராதனைக்கு நேரமாகிவிட்டதே என்று வண்டியை நோக்கி விரைந்தாள்.